பெர்னார்ட் தோட்டம் நிறுத்தம்

இந்த இடத்துக்குப் பெயர் என்ன என்று கேட்டால் ஊர்க்காரர்கள் முதலில் பொய்தான் சொல்வார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தாத்தா பெயரைச் சொல்வார்கள், தெருக்கோடிக் கோயிலின் பெயரைச் சொல்வார்கள். நான்கு பேரைக் கேட்டால்தான் உண்மைப் பெயர் வெளியே வரும்.

கன்டோன்மென்டிலிருந்து கிழக்கே போகும் லைட் ரயில்வேக்குப் பதினோரு நிறுத்தங்கள். அவற்றுக்குப் பெயர் விசாரித்து வைப்பதும், படம் வரைந்து கொடுப்பதும் என் வேலையாக இருந்தன. இன்ஜினியர் ஹெர்பர்ட் துரை, டிராப்ட்ஸ்மேன் தியோடர், அதாவது நான், வரைந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போடுவார். அவர்மேல் தவறில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நிறுத்தத்துக்காக இரண்டு கிராமங்கள் அடித்துக்கொண்டன. பலகையின் ஒரு பக்கத்தில் இந்த ஊர் பெயரை முதலில் எழுதினேன், மறுபக்கத்தில் அந்த ஊர் பெயரை. இரண்டு ஊராரும் எனக்கு மாலை போட்டார்கள். வேலையை நான் மனமொப்பிச் செய்தவன் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்பது ஏழாவது நிறுத்தம். ஊரார் அந்த இடத்தைச் செம்மண் மேடு என்றார்கள். பக்கத்தில் பெர்னார்ட் அண்ணனின் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அவர் தன் பெயரை வைக்கச் சொல்லவில்லை. மகள் பவுலின் பள்ளிக்கூடம் போய்வர அங்கே வண்டி நிற்குமா என்று மட்டுமே கேட்டார். பெயரை நானாகத்தான் வைத்தேன்.

"என் பேரு எதுக்கு தம்பி? கூச்சமா இருக்கு."

"இருக்கட்டும் அண்ணே. ஜனங்க உங்களை மறக்கக் கூடாது."

காரணம் சொல்கிறேன். இது பதினெட்டு வருஷத்துக் கதை. பெங்களூரில் பிளேக் வந்த வருஷம் எனக்கும் நோராவுக்கும் கல்யாணமாகி எட்டு மாதம். பிளாக்பள்ளியில் குடியிருந்தோம். காலில் முள் குத்தி அவளுக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது, கொஞ்சம் காய்ச்சலும் இருந்தது. பிளேக்குக்குத்தான் என்றில்லை, முள் குத்தினால் யாருக்கும் நெறி கட்டும். அடுத்த வீட்டு பெர்னார்ட் அப்போது சர்ச் சார்பில் பிளேக் கமிட்டிக்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்தார். ஒரு காலையில், பிளேக் நோயாளிகளை ஒதுக்கிவைக்கும் கேம்ப்பின் ஆட்கள் டோலியோடு வந்தார்கள். தெருமுனையில் நின்று எங்கள் வீட்டைக் கைகாட்டியவர் அவர்தான். நான் கண்ணால் பார்த்தேன். நோராவைத் தூக்கிப்போனார்கள். வீட்டுக்குள் வெயில் படட்டும் என்று கூரை ஓட்டைப் பிரித்துப் போட்டார்கள். கல்யாணப் புடவையையும் சேர்த்து எரித்தார்கள். ஐந்தாம் நாள் சேதி வந்தது. நோயில்லாத பெண்ணை நோயாளிகளுக்கு நடுவில் போட்டால் வேறென்ன ஆகும்?

அவரைக் கொல்லவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. செத்துப்போனவரை ஊர் நல்லவர் என்று சொல்லிவிடும். அவர் நன்றாக இருக்கவேண்டும். அவர் பெயர் மட்டும் நாறவேண்டும். அந்தப் பெயரைக் கேட்டால் ஜனங்கள் பயத்தில் எச்சிலை விழுங்கவேண்டும். நிறுத்தத்துக்குப் பெயர் வைக்கும் வேலை கையில் இருக்கிறவனுக்கு இது பெரிய காரியமில்லை.

துரை குறித்துக்கொடுத்த இடம் நேரான தண்டவாளத்தில், வெட்டவெளியில் இருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் கட்டும் என்று எழுதி, நிறுத்தத்தை முன்னூறு கஜம் தள்ளினேன். அங்கே பாதை மேட்டை வெட்டிக்கொண்டு வளைந்து வரும், வண்டி கிட்டே வரும்வரை கண்ணில் படாது. கிராமம் வடக்கே, காத்திருக்கும் கொட்டகையைத் தெற்கே போட்டேன். வண்டி ஏறுகிறவர்கள் எல்லோரும் வளைவின் வாயில் தண்டவாளத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். பாசஞ்சர் அங்கே நிற்கும். சரக்கு ரயிலான ஜல்லி வண்டி நிற்காது. சரிவில் இறங்குகிற வேகத்தில் போய்விடும். வளைவுக்கு நானூறு கஜம் முன்னால் டிரைவர் விசில் ஊதுவதற்கு அடையாளமாக ஒரு பலகை நடவேண்டும். நான் படத்தில் நாற்பது என்று எழுதினேன். ஒரு பூஜ்யம்தான் குறைவு.

திறந்த மூன்றாம் மாதம் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண். விசாரணை நடந்தது. பலகை இருந்ததா? இருந்தது. டிரைவர் ஊதினாரா? ஊதினார். அப்படியானால் அந்தப் பெண்மேல்தான் தவறு என்று முடித்தார்கள். பத்திரிகையில் "பெர்னார்ட் தோட்டத்தில் பெண் பலி" என்று போட்டிருந்தான். அன்று நான் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.

பிறகு செங்கல் சூளைக்காரர் ஒருவர். அதன்பின் ஒரு புருஷன் பெண்சாதி, சந்தைக்குப் போனவர்கள். ஆறாவது நிறுத்தம் தாண்டியதும் வண்டியில் இருப்பவர்கள் சிலுவைக் குறி போட ஆரம்பித்தார்கள். கன்டோன்மென்ட் மார்க்கெட்டில் காய்கறிக்காரி ஒருத்தி இன்னொருத்தியைத் திட்டுவதை என் காதால் கேட்டேன்.

"நீ பெர்னார்ட் தோட்டத்துல போய் எறங்க!"

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பாட்டுக் கச்சேரி கேட்டதுபோல இருந்தது.

பெர்னார்ட் அண்ணன் ஆபீசுக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"தம்பி, என் பேர எடுத்துடுப்பா. சர்ச்ல பக்கத்துல உக்காரவே யோசிக்கிறாங்க. பேரு போனாப் போவட்டும், அந்த ஸ்டாப்பையாவது நேரான எடத்துக்குத் தள்ளிப் போடு. ஜனங்க சாவறாங்களே."

"டைம் டேபிள்ல அச்சடிச்சாச்சு அண்ணே. மாத்தறது கஷ்டம்."

"பவுலின் தினம் அங்கதான் ஏறுறா."

"ஜாக்கிரதையா வரச் சொல்லுங்க."

அவள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாள், எத்தனை மணிக்கு வருகிறாள் என்றும் கேட்டேன். அக்கறையாகக் கேட்கிறேன் என்று நினைத்து அவர் விவரமாகச் சொன்னார். வடக்கேயிருந்துதான், காலை எட்டே கால். ஜல்லி வண்டி எட்டு பதினேழு. இரண்டு அட்டவணையும் என் மேஜையில்தான் இருந்தன. துரையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே விசில் பலகையைப் பிடுங்கிச் சரியான தூரத்தில் நட்டிருப்பார். நான் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூலை மாதம், மழை, குடை. பவுலினுக்கு வயது பதினான்கு.

அடக்கத்துக்குப் போனேன். போகாமலிருந்தால் நன்றாக இருக்காது. பெர்னார்ட் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார், வெகு நேரம் விடவில்லை. மூன்றாம் நாள் பிரேசர் டவுனில் என் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"புள்ளையப் பறிகொடுத்தவனுக்கு இனி ரகசியம் எதுக்கு தம்பி? நோரா தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்தேன். அதான் இத்தனை வருஷம் வாயத் தொறக்கல. நீ என்னை வெறுக்கறது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார்.

படிக்கிறேன், கேளுங்கள்.

"பெர்னார்ட் அண்ணனுக்கு. எனக்கு முள் எதுவும் குத்தவில்லை. அவரிடம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன். இது அந்த நோய்தான். ஒதுங்கிப் படுக்கச் சொன்னாலும் கேட்காமல் என் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார். நாளைக் காலை கேம்ப் ஆட்களை அனுப்பிவிடுங்கள். நான் கேட்டேன் என்று தெரிந்தால் அவர் பின்னாலேயே கேம்ப்புக்கு வந்துவிடுவார். அவர் பிழைக்கவேண்டும். என்றைக்கும் சொல்லாதீர்கள். நோரா."

நான் அவரை வாசல்வரை கொண்டுவிட்டேன். மழை தூறிக்கொண்டிருந்ததால் என் குடையைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

இடத்தை மாற்றியவன் நான். பூஜ்யத்தை விட்டவன் நான். அந்த நான்கு பேரும் சாகவேண்டும் என்றே செய்தேன். பவுலின் விஷயத்தில் மணி, நிமிஷம் உட்பட தெரிந்தே சும்மா இருந்தேன். நீங்கள் எழுதியிருப்பதில் ஓர் எழுத்தையும் மாற்றச் சொல்லமாட்டேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நானாகத்தான் நடந்து வந்தேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். இது நோராவின் கையெழுத்து அல்ல. எட்டு மாதம் கூட இருந்தவன், எனக்குத் தெரியாதா? இங்கே கையெழுத்து பார்க்கிற நிபுணர் இருப்பதாகச் சொன்னார்கள். இது அவள் எழுதியதல்ல என்று அவரிடம் ஒரு வரி வாங்கிக் கொடுங்கள், ஐயா. அவளுடைய பழைய கடிதங்களை நான் கொண்டுவரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டாம்.