நாங்கள் பன்னிரண்டு பேர்

ஜூரிக்கு வரச் சொல்லி நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தால் எல்லோரும் ஏன் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் முதுகுவலி என்று டாக்டரிடம் சீட்டு வாங்கிக் கொடுத்துத் தப்பித்தார். எனக்கு அந்தக் கடிதம் ஜனவரியில் வந்தது. முழங்கால் பனியில் நடந்துபோய்த் தபால் பெட்டியைத் திறந்தேன். என் கணவர் கிளென் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அத்தனை மாதத்தில், இன்ன நாள் இன்ன மணிக்கு நீ இங்கே இருந்தே ஆகவேண்டும் என்று என்னிடம் சொன்னவர்கள் யாரும் இல்லை. கடிதத்தைச் சமையலறை மேசையில் வைத்து இரண்டு முறை படித்தேன்.

மிஸ் கீட்டிங், வக்கீல் நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், உங்கள் பதிவுக் கருவி ஓடட்டும். நான் வரிசையாகவே சொல்கிறேன்.

முப்பத்தொரு வருடம் நான் பள்ளிப் பேருந்து அலுவலகத்தில் வேலை பார்த்தேன். காலை ஐந்தரைக்கு ரேடியோ முன்னால் உட்கார்ந்தால் இருபத்திரண்டு ஓட்டுநர்கள் என் குரலுக்குக் கட்டுப்பட்டு நெப்ராஸ்கா மண்சாலைகளில் போய்க்கொண்டிருப்பார்கள். யாரை அதட்ட வேண்டும், யாரைத் தட்டிக்கொடுக்க வேண்டும், யாரைச் சும்மா விட்டால் தானாக வழிக்கு வருவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பிறகு ஓய்வு கொடுத்தார்கள். பிறகு கிளென்.

வழக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஹார்லன் ஸ்ட்ரவுட் என்ற பண்ணைக்காரர் தன் இயந்திரக் கொட்டகை எரிந்தபோது உள்ளே மாட்டிக்கொண்டு இறந்துபோனார். அவரிடம் வேலை பார்த்த வெண்டல் க்ரோய்தான் தீ வைத்தான் என்றார்கள். இருபத்தாறு வயது, ஒல்லி, கடன் வாங்கிய கோட்டு. கோட்டின் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. அதற்கு முந்தைய வாரம் இருவருக்கும் வாய்ச்சண்டை நடந்திருக்கிறது. அதைத் தவிர இருந்தது ஒரே சாட்சி. எதிர்ப்பண்ணையில் தனியாக வசித்த வெர்னா லஸ்க், எழுபத்து மூன்று வயது. பொழுது சாயும் நேரத்தில் தன் வீட்டு ஜன்னல் வழியாக, இருநூறு கஜ தூரத்தில், வெண்டல் கொட்டகையிலிருந்து ஓடுவதைப் பார்த்ததாகச் சொன்னார்.

விசாரணை ஏழு நாள் நடந்தது. அந்த ஏழு நாளும் காலையில் எழுந்து தலைவாரி, நல்ல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனேன். ஜூரி அறையில் ஒரு நீள மேசை, பன்னிரண்டு நாற்காலி, ஓயாமல் கொதிக்கும் காபி. மூன்றாம் நாளே அவரவர் நாற்காலி என்று ஆகிவிட்டது. எனக்கு இடப்பக்கம் லைல் போஹனன், மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர், எங்கள் தலைவராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தோம். வலப்பக்கம் ஜாய்ஸ் ஆம்ப்ரோஸ், நான்காம் வகுப்பு ஆசிரியை. எதிரே மரிசோல் வேகா, பல் மருத்துவமனையில் வேலை. ஒருநாள் நான் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தேன். லைல் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"எங்க போனீங்க ஆர்லீன்? இன்னும் கொஞ்சம் விட்டா போலீஸ அனுப்பித் தேடச் சொல்லியிருப்பேன்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

எட்டாம் நாள் காலை பத்தரைக்கு எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். லைல் முதலிலேயே சீட்டு எழுதிப் போடச் சொன்னார். பிரித்துப் பார்த்தால் பதினோரு சீட்டில் 'குற்றமற்றவன்'. ஒன்றில் 'குற்றவாளி'.

"சரி, யாருப்பா அந்தப் புண்ணியவான்?" என்றார் லைல்.

"நான்தான்," என்றேன்.

பன்னிரண்டு பேரும் ஒன்றுபோலச் சொன்னால்தான் தீர்ப்பு; நானும் மற்றவர்களைப் போலவே எழுதியிருந்தால் பதினொன்றரைக்கு நாங்கள் வாசலில் நின்று கைகுலுக்கியிருப்போம். மதியச் சாப்பாடுகூட வந்திருக்காது. அதை மட்டும்தான் நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு மனதை மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் சாப்பிடும்போது ஜாய்ஸ் தன் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மணி நான்காகிவிட்டது.

மறுநாள் எனக்கு ஒன்று விளங்கியது. நான் கடைசிவரை பிடிவாதமாக நின்றால் முடிவு எட்டவில்லை என்று நீதிபதி எங்களைக் கலைத்துவிடுவார். அந்தப் பதினோரு பேரும் என்மேல் கசப்போடு வீட்டுக்குப் போவார்கள். நான் விட்டுக்கொடுத்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். மூன்றாவது வழி, அவர்கள் என் பக்கம் வருவது. அதற்கு நாள் பிடிக்கும். வந்துவிட்டால் பிரியும்போது ஒரே மனதாகப் பிரிவோம்.

நான் யாரையும் மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. லைலின் பசுக்கள் கன்று ஈனும் பருவம் அது. தினமும் அவர் மாடுகளைப் பற்றி விசாரித்தேன், அவ்வளவுதான். இரண்டு கன்று செத்துப்போன அன்று, பண்ணைக்குத் திரும்பினால் போதுமென்று அவர் என் பக்கம் வந்துவிட்டார். மரிசோலின் அம்மா ஊருக்கு வெளியே தனியாக இருந்தார்.

"நாளைக்கு இவன் வெளிய வந்து உங்கம்மா வீட்டுப் பக்கமே வேலைக்குச் சேந்தான்னா, உனக்குத் தூக்கம் வருமா?" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க ஆர்லீன்," என்றாள். மறுநாள் காலை சீட்டை மாற்றி எழுதினாள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கதவைச் சாத்திய ஐந்தாம் நாள் ஜாய்ஸ் மட்டும் மிஞ்சினாள். இரண்டு நாள் தாங்கினாள். அவளுக்கு நான்தான் காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு மனசு ஒப்பலை ஆர்லீன். அந்தப் பையன் முகத்தப் பாத்தா அப்படித் தெரியல."

"ஒப்பலைன்னா பரவாயில்ல கண்ணு. அவசரமே இல்ல. நாங்க பதினோரு பேரும் உனக்காகக் காத்திருக்கோம்."

அவள் எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

தீர்ப்பை லைல் வாசித்தபோது வெண்டல் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தான், ஏதோ காதில் சரியாக விழாததுபோல. பின்வரிசையில் அவன் அக்கா ரூத் எழுந்து நின்றாள்; யாரோ பிடித்து உட்காரவைத்தார்கள். ஆயுள் தண்டனை. அந்த வசந்தத்தில் நான் பதினோரு பேருக்கும் கடிதம் எழுதி, நெடுஞ்சாலை உணவகத்தில் எல்லோரும் ஒருமுறை சந்திக்கலாம் என்றேன். பெரிய மேசையாகப் பார்த்துச் சொல்லிவைத்தேன். மரிசோல் மட்டும் வந்தாள், கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு காபி குடித்துவிட்டுப் போனாள். ஜாய்ஸ் வேலையை விட்டுவிட்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டதாக அவள்தான் சொன்னாள். கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்பது வருடமாக அனுப்புகிறேன். முகவரி தவறு என்று நான்கு திரும்பி வருகின்றன.

வெண்டல் போன அக்டோபரில் சிறை அறையில் தூக்குப் போட்டுக்கொண்டதைப் பத்திரிகையில் படித்தேன். கொட்டகை எரிந்தது பழைய மின்கம்பியால் என்று இப்போது நிபுணர்கள் சொல்வதாக நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

ஏனென்றால் வெர்னா எதையும் பார்க்கவில்லை. அது எனக்கு முதல் நாளே தெரியும்.

ஜூரிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது நீதிபதி சாட்சிகளின் பெயரை வாசித்து, இவர்களில் யாரையாவது தெரிந்தவர்கள் கை தூக்கச் சொன்னார். நான் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் அப்போதே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். தீ விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு வெர்னாவை நான்தான் என் காரில் லிங்கன் நகரத்துக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, காரே ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். வரும் வழியில் வெர்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் மகன்கிட்ட மட்டும் சொல்லிடாத ஆர்லீன். கார் சாவிய வாங்கிட்டான்னா நான் செத்த மாதிரிதான்."

நான் சொல்லவில்லை. அறுவைச் சிகிச்சையும் அவள் செய்துகொள்ளவில்லை. சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து, வக்கீல் பக்கத்தில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவனை நோக்கி விரலை நீட்டினாள். பிறகு ஜூரிகள் பக்கம் திரும்பினாள். நான் முன்வரிசையில், பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்தேன். என் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் பெயரைக் கேட்டும் கை தூக்காமல் இருந்தவள் நான்; இப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல மரியாதையாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் போய் ஆறு வருடமாகிறது. இது தெரிந்த ஆள் இப்போது நான் ஒருத்திதான்.

இத்தனை வருடம் சொல்லாமல் இன்றைக்கு ஏன் என்று உங்கள் முகம் கேட்கிறது. யாரும் வந்து கேட்கவில்லை, அதனால்தான். மனசாட்சி உள்ளவள் என்பதால்தான் இப்போதும் சொல்கிறேன். வந்ததும் நீங்கள் விளக்கினீர்கள்: ஜூரி அறையில் பேசியதை நீதிமன்றம் காதில் வாங்காது, ஆனால் தேர்வின்போது ஒருவர் உண்மையை மறைத்திருந்தால் அது வேறு, வெண்டல் இல்லாவிட்டாலும் அவன் பெயரிலுள்ள பழியைத் துடைக்க விசாரணை வைக்கலாம், அந்த ஜூரியில் இருந்த எல்லோரையும் வரச் சொல்லி உத்தரவு போடலாம் என்று. கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். எனக்கு என்ன தண்டனை என்று நான் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். கூப்பிடும்வரை எங்களை ஒரே அறையில்தானே உட்காரவைப்பார்கள்?