நீலக் கதவுகள்

எனக்கு ஓவியம் வரையத் தெரியாது. பூனையை வரையச் சொன்னால் உருளைக்கிழங்குக்கு வால் முளைத்தது போல வரும். புதன்கிழமை வகுப்பில் இதைச் சொல்லித்தான் எல்லோரையும் சிரிக்க வைப்பேன். சிரித்துவிட்டால் கூச்சம் போய்விடும், தூரிகையைக் கையில் எடுத்துவிடுவார்கள்.

நீங்கள் ஜோலீனைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள், தெரியும். வகுப்பைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

எங்கள் மாவட்டத்தில் யார் அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தாலும் ஏரிக்கரையில் இருக்கும் அந்தக் கட்டடத்தில்தான் மணி அடிக்கும். அழைப்பை எடுப்பவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. அலறுகிறவர்களிடம் நிதானமாகப் பேச வேண்டும். உதவிக்கு ஆள் போய்ச் சேர்ந்ததும் இணைப்பு முடிந்துவிடும். பிறகு என்ன ஆனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இவர்களும் கேட்க மாட்டார்கள். "நம்ம வேலை கதவு வரைக்கும்தான்" என்பார்கள். உள்ளூர்ச் செய்தித்தாளைக்கூட யாரும் தொடுவதில்லை. இவர்களுடைய மனநலத்துக்குப் பொறுப்பாக என்னை நியமித்தார்கள். நான் வண்ணங்களைக் கொண்டுவந்தேன். ஒரே வருடத்தில் நோய் விடுப்பு பாதியாகக் குறைந்தது. அதை உங்களாலும் மறுக்க முடியாது.

வேட் என்று ஓர் ஆள், வாரம் தவறாமல் மீன்தான் வரைவார். ஜோலீன் அவரைச் சும்மா விடமாட்டாள்.

"என்ன வேட், மீனுக்கு ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கு?"

"என் தூண்டில்ல மாட்டுற மீனெல்லாம் அப்படித்தான். கண்ணு ஒழுங்கா தெரிஞ்சா ஏன் மாட்டப்போகுது?"

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவள் நவம்பரில் அந்த அழைப்பை எடுத்தாள். டோபின் என்ற ஏழு வயதுப் பையன். அம்மா பக்கத்து வீட்டுக்குப் போன நேரம், படிக்கட்டில் தீ. கதவைத் திறக்காதே, இடுக்கில் துணியைத் திணி, தரையோடு படுத்துக்கொள் என்று பதினோரு நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். தீயணைப்பு வண்டி போய்ச் சேருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அடுத்த புதனன்று ஒரு நீலக் கதவை வரைந்தாள். அதற்கடுத்த புதனும் அதே கதவு. எனக்கு வரையத்தான் தெரியாது, பார்க்கத் தெரியும். வகுப்பு முடிந்த பிறகும் அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். மூன்று வருடமாக மீனையும் சூரியகாந்தியையும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். என் வகுப்பில் முதல் முறையாக உண்மையான ஒன்று பிறந்திருந்தது. ஏப்ரலில் மாவட்ட அலுவலக மண்டபத்தில் கண்காட்சி என்று முடிவு செய்தேன். நடுச்சுவர் முழுக்க ஜோலீனுக்கு.

ஜனவரியில் டோபினின் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. 'அன்று போனில் பேசிய பெண்ணுக்கு' என்று உறையில் எழுதியிருந்தது. நன்றிக் கடிதங்கள் என் மேசைக்குத்தான் வரும். பையன் நலமாக இருக்கிறான், கதவைத் திறக்காததால்தான் பிழைத்தான் என்று தீயணைப்பு வீரர்கள் சொன்னார்களாம். கூடவே பையன் கிரேயானில் வரைந்த படம்: ஒரு பெரிய தொலைபேசி, அதற்குள் சிரித்த முகத்தோடு ஒரு பெண். கடிதத்தை இழுப்பறையில் வைத்தேன். ஜோலீன் அப்போது எட்டாவது கதவில் இருந்தாள். சிகிச்சையை நடுவில் நிறுத்தக் கூடாது.

மார்ச்சில் அவள் தக்காளி வரைந்தாள். நல்ல தக்காளிதான். இப்போதெல்லாம் தூக்கம் வருகிறது என்றாள், தோட்டம் போடப்போவதாகவும் சொன்னாள். கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது. எல்லோரும் போன பிறகு நான் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாரிட், கேக்கக் கூடாதுதான். ஒரே ஒரு தடவை கேட்டுக்கறேன். அந்தப் பையன் பொழைச்சானா?"

இருபது வருட வேலையில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை.

"இல்ல ஜோலீன்," என்றேன்.

"கதவைத் திறக்காதேன்னு நான்தானே சொன்னேன். அதனாலயா?"

கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தேன். தோளைத் தொட்டேன். பொய் என்று பார்த்தால் ஒரு சொல்தான் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வாரத்தில் ஐந்து கதவுகள் வரைந்தாள். கண்காட்சியன்று அவற்றின் முன்னால் அதிகாரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பையனின் கிரேயான் படத்தையும் பெயர் போடாமல் ஓரமாக மாட்டியிருந்தேன், அங்கே சுவர் வெறுமையாக இருந்தது. ஜோலீன் அதன் முன்னால்தான் வெகுநேரம் நின்றாள்.

"யாரு வரைஞ்சது? பாத்தா மனசுக்கு நல்லா இருக்கு."

ஏற்கெனவே குணமாகிவிட்ட ஒருவர் என்றேன்.

மறுநாள் காலை, ஏரியின் மேல் உறைந்திருந்த பனி உடையத் தொடங்கியிருந்தபோது, அவள் அதன்மேல் நடந்து போனாள். கரையிலிருந்து யாரோ 911-ஐ அழைத்தார்கள். எடுத்தது வேட். அவளை மீட்டுவிட்டார்கள். வேட் கதவோடு நிற்காமல் மருத்துவமனைக்கே போய் உட்கார்ந்துவிட்டாராம். அவளுடைய தங்கையின் எண்ணைத் தேடி என் இழுப்பறையைத் திறந்து கடிதத்தைக் கண்டவரும் அவர்தான். நான் அதைப் பூட்டுவதில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது?

கடிதத்தை மறைத்தேன். உயிரோடு இருக்கும் பையனை இறந்துவிட்டான் என்றேன். இரண்டையும் தெரிந்தே செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இன்று மாலை கடிதத்தை அவளிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னீர்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் நர்ஸிடம் விசாரித்தேன். கண் விழித்ததும் தாளும் நீல வண்ணமும் கேட்டாளாம். அவளுடைய நலத்துக்காகத்தான் கேட்கிறேன், அந்த ஒரு கதவை வரைந்து முடிக்கும்வரை நீங்கள் பொறுக்கக் கூடாதா?