தவறான விடைகளை எழுதிய லீலாபாய் டீச்சர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் நம் தலைமையாசிரியை விமலகுமாரி டீச்சர் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் கல்வி அதிகாரி திரு. ஜெயதாஸ் அவர்களே! மனைவியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் யோசுவா அண்ணன் அவர்களே! வெள்ளறடையிலிருந்தும் கள்ளிக்காட்டிலிருந்தும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே! சக ஆசிரியர்களே! பொன்னப்பனாகிய என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அழுவதற்காக நான் எழுந்து நிற்கவில்லை. அழுதாயிற்று. வியாழக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு வர பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை என்று கேட்டபோதே அழுதுவிட்டேன். இப்போது என்னிடம் மிச்சமிருப்பது கோபம்தான். அதைத்தான் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன் பேசியவர்கள் லீலாபாய் டீச்சரைப் பொறுமையின் சிகரம் என்றார்கள். யார் சொன்னது? என்னோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டவர் அவர்! அவருக்கு இரண்டாம் வகுப்பு, எனக்கு மூன்றாம் வகுப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்டிதான். "அந்தப் பக்கம் சந்தை, இந்தப் பக்கம் பாடம்" என்று நான் சொல்வேன். "இந்தப் பக்கம் பாடம், அந்தப் பக்கம் உறக்கம்" என்று அவர் உடனே திருப்பிக் கொடுப்பார். பொறுமைசாலி பேசுகிற பேச்சா இது?

எதற்காகச் சண்டை போட்டோம்? இடத்துக்கா, பதவிக்கா? இல்லை. ஒரு பாடத்தைத் திட்டமிடும்போது எது முக்கியம் என்பதற்காக. நெய்யாற்றின்கரையில் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்தில் இதே கேள்வியை எங்கள் எல்லோரிடமும் கேட்டார்கள். நம் ரெஜிலா டீச்சர், பாடத்தின் நோக்கம்தான் முக்கியம் என்றார். நான், நேரம்தான் முக்கியம், மணி அடிக்கும்போது பாடம் முடிந்திருக்க வேண்டும் என்றேன். லீலாபாய் டீச்சர் எழுந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "பிள்ளையளு என்ன தப்புச் சொல்லும்ணு முந்தியே நமக்குத் தெரிஞ்சிருக்கணும். அதாக்கும் பிளானு. மிச்சமெல்லாம் வெறும் எழுத்து."

அரங்கமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் விடாமல் கேட்டேன். "இருபது பிள்ளைக்கு இருபது தப்பு வருமே டீச்சர், எல்லாத்தையும் எழுதிட்டிருந்தா எப்பம் படிப்பிச்சுத் தீர்க்க?" அதற்கு அவர், "வராது சாரே. எண்ணி மூணோ நாலோதான் வரும். எல்லா வருசமும் அதே தப்புதான் வரும். சார் ஒரு நாளாவது காது குடுத்துக் கேட்டதுண்டா?" என்றார். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள்.

பெற்றோர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே நாங்கள் ஒரு திட்டம் எழுத வேண்டும். அதில் 'எதிர்பார்க்கும் விடை' என்று ஒரு கட்டம் உண்டு. நாங்கள் எல்லோரும் அதில் புத்தகத்தில் உள்ள விடையை எழுதுவோம். டீச்சர் ஒருவர்தான் பிள்ளைகள் சொல்லப்போகும் தவறான விடைகளை எழுதினார். தண்ணீர்ப் பாடத்துக்கு அவர் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எதிர்பார்க்கும் விடை: பைப்பிலிருந்து. டேங்கர் லாரியிலிருந்து. டேமிலிருந்து.

அந்தப் பாடம் நடந்த அன்று தட்டிக்கு இந்தப் பக்கம் நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் கள்ளிக்காட்டுப் பெண்குழந்தை ஒருத்தி எழுந்து, "எங்க மாமன் ஷட்டரு தொறந்து விட்டாத்தான் டீச்சரே ஆத்தில தண்ணி வரும்!" என்றாள். மாமன் அணைக்கட்டில் வேலை பார்க்கிறவர். அவள் கண்ணால் கண்டதைச் சொன்னாள். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? "தப்பு, இரி" என்று உட்கார வைத்திருப்பேன். மணிக்கு முன்னால் பாடம் முடிந்திருக்கும். டீச்சர் என்ன கேட்டார் தெரியுமா? "சரி மக்கா, ஷட்டரு அடைச்சு வச்சிருக்கும்போ டேமுக்குள்ள தண்ணி ஏறிட்டே இருக்கில்லா? அத யாரு கொண்டு விட்டா?"

சந்தையாக இருந்த வகுப்பு அடங்கிவிட்டது. என் பிள்ளைகளும் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். "மழை!" என்றது ஒரு குரல். "மழை இல்லாதப்பமும் ஏறுதே!" என்றது இன்னொன்று. பிடித்தது சண்டை! கடைசியில் ஒருத்தி ஜன்னலுக்கு ஓடிப்போய்க் கிழக்கே மலையைக் கைகாட்டி, "அங்கேருந்தாக்கும்!" என்று கத்தினாள். அந்தக் கேள்வி டீச்சருக்கு அப்போது வாயில் வந்த கேள்வி அல்ல. இந்தத் தவறு வரும் என்று தெரிந்து, அதற்காகவே முந்தின நாள் யோசித்து வைத்த கேள்வி! இதற்குப் பெயர் திட்டம் இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர் திட்டம்?

இந்த வருஷம் மேலிருந்து அச்சடித்த பாடத்திட்டம் வந்தது. எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வி, ஒரே விடை. கையெழுத்துப் போட்டால் போதும். எங்களுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. டீச்சர் அதை வாசித்துவிட்டு, மதியம் பிள்ளைகளுக்குக் கஞ்சி விளம்பும் இடத்தில் என்னிடம் வந்தார். "சாரே, இதில எல்லாப் பிள்ளையும் சரியாட்டு சொல்லுது. அப்பம் நான் எதுக்கு?" என்று கேட்டார்.

அச்சடித்த விடைகளை அடித்துவிட்டுத் தன் கையால் தவறான விடைகளை எழுதினார். மெமோ வந்தது. 'அதிகாரபூர்வமான பாடத்திட்டத்தில் பிழையான விடைகளைப் பதிவு செய்தது ஏன்? விளக்கம் தருக.' கையெழுத்திட்டவர் இதே மேடையில் இருக்கும் திரு. ஜெயதாஸ் அவர்கள். அவர் கெட்டவர் அல்லர். சோதனைக்கு வருகிறவர்கள் பார்த்தால் இந்தப் பள்ளியில் தப்பையே கற்றுக்கொடுக்கிறார்கள் என்று நினைப்பார்களே என்று பயந்தார். பயப்படுவது அவர் வேலையில் ஒரு பகுதி. ஆனால் விளக்கம் எழுதுவதற்குள் டீச்சர் போய்விட்டார்.

இந்தக் கூட்டம் தொடங்குவதற்கு முன் அதிகாரி என்னைத் தனியே அழைத்து அன்போடு சொன்னார்: "ஆளு போயாச்சு. இனி அந்த மெமோவ விட்டிரலாம் சார். ஃபைல குளோஸ் பண்ணீரலாம்."

அதிகாரி அவர்களே! உங்கள் இரக்கத்துக்கு நன்றி. ஆனால் அது வேண்டாம்! குற்றம் செய்தவரைத்தான் மன்னிக்க வேண்டும். லீலாபாய் டீச்சர் என்ன குற்றம் செய்தார்? பிள்ளையின் வாயிலிருந்து வரப்போவதை வருஷா வருஷம் காது கொடுத்துக் கேட்டு முன்கூட்டியே தெரிந்துகொண்டது குற்றமா? அந்த ஃபைலை மூடாதீர்கள். திறந்தே வையுங்கள்! நீங்கள் கேட்ட விளக்கத்தை இத்தனை பேர் முன்னிலையில் நான் சொல்லிவிட்டேன். எழுத்தில் வேண்டுமென்றால் எழுதியும் தருகிறோம். கீழே என் கையெழுத்து இருக்கும், ரெஜிலா டீச்சர் கையெழுத்து இருக்கும், தலைமையாசிரியை கையெழுத்தும் இருக்கும்.

நாங்கள் எல்லோரும் டீச்சரின் கட்சிக்கு மாறிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். ரெஜிலாவுக்கு இன்றும் நோக்கம்தான் பெரிது. எனக்கு இன்றும் நேரம்தான் பெரிது. டீச்சர் உயிரோடு இருந்திருந்தால் நாளைக்கும் சண்டை போட்டிருப்பேன். ஆனால் எது பெரிது என்று தலையை உடைத்துக்கொள்கிற வேலை, பிள்ளைகள் முன்னால் நிற்கிறவர்களின் வேலை. அந்த வேலையை அச்சகத்துக்கு விட்டுக்கொடுக்க மாட்டோம்! அடுத்த வாரத்திலிருந்து இந்தப் பள்ளியில் எந்தக் கட்டமும் அச்சடித்தபடி இருக்காது. மெமோக்களை மொத்தமாக அனுப்புங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

திங்கட்கிழமை காலை இரண்டாம் வகுப்புக்கு நான் போகிறேன். திட்டம் எழுதிவிட்டேன். என்ன பாடம் என்று தீர்மானிக்க எனக்கு வாய்ப்பே இருக்காது. உள்ளே நுழைந்ததும், "டீச்சரு எங்க சார்?" என்று கேட்பார்கள். "நீங்களே சொல்லுங்க மக்கா" என்பேன். எதிர்பார்க்கும் விடை: ஆசுபத்திரியில உண்டு. லீவில போயிருக்கு. நாளைக்கு வரும்.

மூன்றும் தவறு. அதற்கடுத்து அந்தப் பிள்ளைகளிடம் என்ன கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை. லீலாபாய் டீச்சருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் அந்த வகுப்புக்குள் போகப்போகிறேன். ஆனால் அச்சடித்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு போக மாட்டேன். வணக்கம்.