இரண்டு கரண்டி எண்ணெய்

பூசணிக்காய் மசியலை யாரும் குறை சொல்ல முடியாது. வைட்டமின் ஏ ஏராளம். ஆனால் நூறு கிராமுக்கு முப்பது கலோரி தேறினால் பெரிது. அதே அளவு சமையல் எண்ணெயில் தொள்ளாயிரம். உடம்பில் தெம்பு நிற்க அதுதான் வேண்டும். மசியலில் இருக்கும் அந்த வைட்டமின்கூட, கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டுமாம். இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவர் மருத்துவமனை டயட்டீஷியன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா.

பக்கவாதம் வந்து என் மாமனாருக்கு வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. மென்று தின்ன முடியாது. "வெறும் மசியல் குடுத்தா ஆளு கரைஞ்சு போயிடுவாரும்மா. ஒவ்வொரு வேளைக்கும் ரெண்டு கரண்டி எண்ணெய் கலந்துடுங்க" என்றார் அந்த டயட்டீஷியன் அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்த வீட்டில் காலடி வைத்த நாளிலிருந்து எண்ணெய்க்காகத்தான் என் தலை உருண்டது. ஒருமுறை என் தம்பி சாப்பிட வந்திருந்தான். நான் செய்த பொரியலை மாமனார் தட்டோடு தூக்கிக்கொண்டு போய்க் குழாயில் கழுவினார். "பாருப்பா உங்கக்கா கைவண்ணத்த. இந்த எண்ணெயில வண்டியே ஓட்டலாம்" என்றார். தம்பி வெறும் சோற்றை விழுங்கிவிட்டு எழுந்து போனான். அப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அன்று மூண்ட கோபம் இன்னும் என் வயிற்றில் எரிகிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

மாமனாருக்குத்தான் எண்ணெய் ஆகாதே, நான் சேர்க்கவில்லை. வேளை தவறாமல் மசியல் ஊட்டினேன். படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவைத்தேன். வந்து பார்த்தவர்களெல்லாம், பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்றார்கள்.

அவர் இளைக்க இளைக்கக் கணவருக்குச் சந்தேகம் வந்தது.

"எண்ணெய் ஊத்துறியா, இல்லையா?"

"பாட்டில வேணா பாத்துக்குங்க."

பாட்டில் காலியாகிக்கொண்டுதான் இருந்தது. உணவுப் பொருளை வீணாகக் கொட்டுவது எனக்குப் பிடிக்காது. மாமனார் பங்கு எண்ணெயில் உருளைக்கிழங்கு பொரித்து, அவர் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். வாசனைக்கு அவர் வாயிலிருந்து எச்சில் ஒழுகும். கண் என் தட்டைவிட்டு நகராது. இடது கை போர்வையைப் பிசைந்துகொண்டே இருக்கும். அந்த எச்சிலையும் நான்தான் துடைத்துவிட்டேன்.

கடைசியில் வந்தது சாதாரணச் சளிதான். எலும்பும் தோலுமாகிவிட்ட உடம்பு அதைக்கூடத் தாங்கவில்லை.

ஆமாம், பட்டினி போட்டுக் கொன்றது நான்தான். ஆனால் நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. எண்ணெய் வேண்டுமென்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிடமே ஊற்றியிருப்பேன். கடைசிவரைக்கும் அந்த மனுஷன் கேட்கவே இல்லை.