ரெண்டு ‘ம்’னா வேணாம்

— ...ஆடாம உக்காருங்க. பஞ்சை நல்லா கடிச்சிருக்கீங்களா?

— ம்.

— ஈறைக் கீறி கடவாப் பல்லை எடுக்குறதுன்னா சும்மாவா. கன்னம் எப்படி உப்பியிருக்கு பாருங்க. ரொம்ப வலிக்குதா?

— ம்ம்ம்...

— பேசாதீங்க. போன வாரம் டாக்டர் குடுத்த தாள்ல என்ன போட்டிருக்கு... துப்பக்கூடாது. ஸ்ட்ரா வெச்சு உறிஞ்சக்கூடாது. இன்னைக்கு வாய் கொப்பளிக்கவே கூடாது, நாளையிலேருந்து வெதுவெதுப்பா உப்புத் தண்ணி. பொண்டாட்டி பேச்சை எதிர்த்துப் பேசக்கூடாது.

— ம்?

— கடைசி வரி நான் சேர்த்தது. ஒரு ‘ம்’னா சரி, ரெண்டு ‘ம்’னா வேணாம். ஆறின பால் குடிக்கிறீங்களா?

— ம் ம்.

— பசிக்கலையா? ஆமா, உங்க சட்டையில என்ன வறுத்த கடலை வாசம்?

— ...ம் ம்.

— சரி, மருந்து வாசமா இருக்கும். ஆபரேஷனுக்கு முந்தி ஒரு வாரம் காலையும் ராத்திரியும் பல் தேய்க்கணும்னு போட்டிருக்கே. ஒழுங்கா தேய்ச்சீங்கதானே?

— ...

— ஏங்க?

— ம்.

— அந்த ‘ம்’ வர ஏன் இவ்வளவு நேரம்... போகட்டும். நீங்க குறுக்க பேச முடியாதப்பவே ஒண்ணு கேட்டுடறேன். மூணு வருஷமா கேக்குறதுதான். நான் கார் ஓட்டக் கத்துக்கட்டுமா?

— ம் ம்.

— இருமினீங்களா?

— ம் ம். ம் ம்.

— நாலு. ரெண்டு ‘வேணாம்’ சேர்ந்தா ஒரு ‘சரி’. சாவி சட்டைப் பையிலதானே... கையை எடுங்க, ரத்தம் வந்துடும். முதல் வேலையா மார்க்கெட் சந்துக்குள்ள விடப்போறேன். ரெண்டு பக்கமும் கொஞ்சம் உரசும், பரவாயில்ல...

— காரைத் தொடாதடி.

— இப்போ பேசினது யாருங்க?

— ...ம்.

— பஞ்சு மடியில விழுந்து கிடக்கு. ஒரு பொட்டு ரத்தம் இல்ல, வெள்ளை வெளேர்னு இருக்கு.

— கைராசிக்கார டாக்டர்.

— வாயைத் திறங்க. இன்னும்... எந்தப் பல்லைங்க எடுத்தாரு? எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கு.

— சொல்றேன். சிரிக்கக்கூடாது.

— சொல்லுங்க.

— நாற்காலியில சாய வெச்சு வாய்க்குள்ள லைட் அடிச்சாரு. அடுத்த நிமிஷம் கையுறையைக் கழட்டிட்டாரு. இந்த வாயில கத்தி வெச்சா சீழ் பிடிச்சுக்கும், ஒரு வாரம் ஒழுங்கா தேய்ச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு. அங்க நின்ன நர்ஸ் பொண்ணு முன்னாடியே சொன்னாரு.

— தினமும் ராத்திரி குழாய் சத்தம் கேட்டுச்சே.

— பிரஷ்ஷை நனைச்சு வெச்சேன்.

— பிரஷ்ஷைக் குளிப்பாட்டியிருக்கீங்க.

— அந்தப் பக்கம் பட்டாலே உயிர் போகுதுடி. பயம்.

— நம்ம புள்ளையை நிக்க வெச்சு, ‘தேய்ச்சியா, வாயைக் காட்டு’ன்னு தினமும் அதட்டுறது யாரு?

— அதான் சொல்ல வெக்கமா போச்சு. மருந்துக் கடையில பஞ்சு வாங்கிட்டு, பார்க்குல ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு வந்தேன்.

— முழுப் பூசணிக்காயைப் பஞ்சுல மறைக்கப் பார்த்திருக்கீங்க.

— தப்புதான். இன்னைக்கு ராத்திரியிலேருந்து ரெண்டு நிமிஷம் தேய்க்கிறேன், நீ பக்கத்துல நின்னு பாரு. ஆனா கார் மட்டும் வேணாம்.

— ஏன் வேணாம்?

— கத்துக்குறவங்க ஓட்டுற லட்சணத்தைக் காலையிலதான் பார்த்தேன். எல் போர்டு மாட்டின டிரைவிங் ஸ்கூல் கார் ஒண்ணு, என் பெஞ்சுக்கு நேரா வந்து நடுரோட்டுல நின்னுபோச்சு. பின்னாடி பத்து வண்டி ஹாரன் அடிக்குது. கிளப்புறாங்க, மறுபடி நிக்குது. வாயில போட்ட கடலையை மெல்லாம பார்த்துட்டிருந்தேன். எந்த வீட்டுப் புண்ணியவதியோ... நீயும் அப்படி நடுத்தெருவுல நிக்கணுமா?

— ரெண்டு மாசமா எங்கேயும் நிக்காம ஓடின வண்டிங்க அது. ஆஸ்பத்திரியில பல்லைப் பறிகொடுத்துக்கிட்டு இருக்க வேண்டிய புருஷன் பெஞ்சுல உக்காந்து கடலை கொறிச்சா, கிளட்சுல எப்படிங்க கால் நிக்கும்?