ஐம்பது பஞ்சுக்குச்சிகள்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காப்பி நன்றாக இருக்கிறது, நன்றி. எங்கள் மருத்துவமனையில் இயந்திரக் காப்பிதான். அட்டைப்பெட்டியை ஊறவைத்துக் குடிப்பதுபோல் இருக்கும்.

என் பெயர் வெர்னா கோவல்சுக். ஹார்லன் கிரீக்கில் இருபத்தாறு வருஷமாக நர்ஸ். வடக்கு ஆல்பர்ட்டாவில் எங்கள் வட்டாரத்துக்கே ஒரே டாக்டர், ஹால்வர்சன். மனநல மாத்திரை சாப்பிடும் குழந்தைகள் ஐம்பது பேர். எந்த மாத்திரை யாருக்கு ஒத்துக்கொள்ளும் என்று அவருக்கும் தெரியாது. ஒன்றைக் கொடுப்பார், ஆறு வாரம் பார்ப்பார், பிறகு வேறொன்று. நகரத்துப் பிள்ளைகளுக்கு மரபணுப் பரிசோதனை உண்டு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால், அந்த உடம்பு மருந்தை வேகமாகக் கரைக்குமா, மெதுவாகவா என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் அது வேண்டுமென்று நான்கு வருஷம் கடிதம் எழுதியவள் நான்தான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போன ஜனவரியில் அந்தப் பரிசோதனைக்கு ஐம்பது பெட்டிகள் இலவசமாக வந்தன. ஒரே நிபந்தனை, மார்ச் முடிவதற்குள் ஐம்பதும் திரும்பிப் போக வேண்டும். குறைந்தால் அடுத்த முறை வேறு ஊருக்கு.

முதலில் வந்தவன் லீலண்ட், பதினொரு வயது. பள்ளிக்கூடம் என்று சொன்னாலே வாந்தி எடுப்பான். அவன் அம்மா ஜோலீன் மைனஸ் முப்பத்தைந்து குளிரில் தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டி வந்திருந்தாள். பையன் வாயைத் திறக்கவில்லை. மிட்டாய் காட்டினேன். மூக்கால் சிரித்தான், பல்லை மட்டும் விலக்கவில்லை.

“டேய் கண்ணு, ஒரே நிமிஷம்டா. இதுக்காகத்தான இம்புட்டு தூரம் வந்தோம்,” என்று கெஞ்சிய ஜோலீன் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“நீ வெளிய போய் ஒரு வாய் காப்பி குடிம்மா. நான் பாத்துக்கறேன்,” என்றேன்.

அவள் போனதும் பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். குச்சியை எடுத்து என் கன்னத்துக்குள்ளேயே தேய்த்தேன். முப்பது நொடிதான். இது நமக்குள் ரகசியம் என்றேன். தலையாட்டினான்.

ஜோலீன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். “பல் டாக்டரே இவன்கிட்ட தோத்துப் போனாரு வெர்னா. நீங்க எப்படித்தான் சமாளிச்சீங்களோ,” என்றாள். அடுத்த வாரம் ஒரு தட்டு நிறைய, லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி கொடுத்தனுப்பினாள்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் குளிரில் மீதிப் பேரை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்? எல்லா வீட்டுக்கும் போன் செய்து, போன முறை காய்ச்சலுக்குத் தொண்டையில் எடுத்த மாதிரியே போதுமாம், வரவேண்டாம் என்று சொன்னேன். எல்லாரும் நன்றி சொன்னார்கள். மேஜைமேல் ஒரு பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்து குச்சி வீதம் என் கன்னத்தில் தேய்த்தேன். கன்னம் புண்ணானது. அதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை.

முதல் பதினொன்று போய்ச் சேர்ந்ததும் ஆய்வகத்திலிருந்து மெகான் என்ற பெண் கூப்பிட்டாள். “பதினொண்ணும் பொம்பளப் பிள்ளைன்னு காட்டுதே மேடம். லீலண்டுன்னு கூட ஒரு பொண்ணு இருக்கா?”

பெயர்ச்சீட்டு ஒட்டும்போது மாறியிருக்கும் என்றேன். பையன்களுக்கெல்லாம் புதிய குச்சி அனுப்பினாள். அன்றிலிருந்து பெண் குழந்தைகளுக்கு நான், பையன்களுக்கு என் கணவர் ஆர்வில். தானிய லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“ஏண்டி, தெனமும் என் வாயில என்ன தேடற? தொலைஞ்ச சாவியா?”

“பேசாம ஆ காட்டுங்க.”

ஹாக்கி ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாயைத் திறப்பார். நல்ல மனிதர். அவருக்கு எதுவும் தெரியாது.

முடிவுகள் வந்தன. என் உடம்பு சராசரி. அதனால் பெண் குழந்தைகளுக்குப் பெரிய மாற்றமில்லை. ஆர்வில்தான் அபூர்வமான ஆள், மருந்தைக் கண்மூடித் திறப்பதற்குள் கரைத்துவிடுவாராம். அவருடைய வயிற்றெரிச்சல் மாத்திரை ஏன் இத்தனை வருஷம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவருக்கு அளவைக் கூட்டி வாங்கிக் கொடுத்தேன், நன்றாகத் தூங்குகிறார். டாக்டர் ஹால்வர்சன் இருபத்தேழு பையன்களுக்கும் மாத்திரையை இரட்டிப்பாக்கினார்.

மே மாதம் ஆராய்ச்சியாளர் ஒருவர் நகரத்திலிருந்து வந்து சமூகக்கூடத்தில் பேசினார். ஒரே ஊரில் பையன்கள் எல்லாம் ஒரு மாதிரி, பெண்கள் எல்லாம் ஒரு மாதிரி. உலகத்தில் எங்கும் அவர் இப்படிக் கண்டதில்லையாம். கிணற்றுத் தண்ணீர் காரணமாக இருக்கலாம் என்றார். மேயர் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்கலாமா என்று கேட்டார். எல்லாரும் கைதட்டினோம். கேக் வெட்டினார்கள்.

கேக்கோடு லீலண்ட் என் பக்கத்தில் நின்றான். கையில் இருந்த காகிதத்தட்டு இலைபோல் ஆடியது. சட்டை முழுக்க வியர்வை.

ஜோலீன் என்னை ஓரமாக அழைத்துப் போனாள். “மாத்திர அதிகமாயிடுச்சோன்னு பயமா இருக்கு வெர்னா. ராத்திரியெல்லாம் பல்ல நறநறன்னு கடிக்கறான். டாக்டரும் கொறைக்கலாமான்னு யோசிக்கறாரு. ஆனா ரிப்போர்ட்டு வேற மாதிரி சொல்லுதே. அந்த ரிப்போர்ட்ட நம்பலாமா?”

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். கூடம் நிறைய ஆட்கள். வருஷக்கணக்காக யாரும் திரும்பிப் பார்க்காத ஊர், அன்றைக்குத்தான் நிமிர்ந்து நின்றது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

“மிஷின் சொல்றது பொய்யாகுமா? ஒரு மாத்திரைகூட விட்டுடாத,” என்றேன்.

அவள் ஒன்றைக்கூட விடவில்லை. அதிலிருந்து மூன்றாவது வாரம் பள்ளிக்கூட மாடிப்படியில் அவனுக்கு வலிப்பு வந்து, தலைகீழாக விழுந்தான். ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள் நினைவில்லை. நகரத்து டாக்டர்கள் தாங்களே ஒரு குச்சி எடுத்து அனுப்பினார்கள். அவன் உடம்பு மருந்தை மிக மெதுவாகக் கரைக்கும் உடம்பு. பாதி மாத்திரையே அதிகம். அதன்பிறகு மெகான் ஐம்பதையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தாள். ஒரு கிழவனும் ஒரு கிழவியும்தான் மிஞ்சினோம்.

ஆம், ஐம்பதும் நான் செய்தது. அவன் விழுவான் என்று தெரியாது. கை நடுங்குவது தெரியும். ரிப்போர்ட்டில் இருப்பது அவனல்ல என்பதும் தெரியும். இப்போது அவன் பேசுகிறான், கரண்டி பிடிக்கத்தான் இன்னும் வரவில்லை.

வியாழக்கிழமை எல்லாக் குழந்தைகளுக்கும் மறுபடி எடுக்க நகரத்திலிருந்து நர்ஸுகள் வருகிறார்களாம். ஒரு யோசனை சொல்கிறேன், அவர்களிடம் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் புது முகத்தைக் கண்டால் மிரளும். என்னை அறையில் ஒரு ஓரமாக உட்காரவிட்டால் போதும். என்னைக் கண்டால் அதுகளுக்குப் பயமே கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட நான் நோகவிட்டதில்லை.