இடது பின்சக்கரத்தில் நான் போட்ட குறி

வயது 46. தொழில் கார் மெக்கானிக், சொந்தப் பட்டறை. பெயர், முகவரி மூன்று நாள் முன்பு நான் கொடுத்த வாக்குமூலத்தில் உள்ளபடியே. அதில் ஒன்றைத் திருத்த வேண்டி, யாரும் அழைக்காமல் நானே இன்று நிலையத்துக்கு வந்தேன்.

விபத்துக்குள்ளான காரின் ஓட்டுநர் என் மனைவியின் தம்பி. கார் முதலாளியை ஆறு நாள் வெளியூர்ப் பயணம் கூட்டிப்போக வேண்டியிருந்ததால், புறப்படுவதற்கு முந்தைய நாள் காலை காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஆயில், பெல்ட், பிரேக் பேட் மாற்றினேன். அதன் பிறகு நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாக மாட்டி இறக்கினேன். ஜாக்கியில் நிற்கும்போது நட்டை ஓரளவுதான் முறுக்க முடியும். காரை இறக்கிய பிறகே நீள ஸ்பானரால் இறுக்கி, டயரில் சாக்பீஸால் குறி போடுவேன். குறி விழுந்த சக்கரத்தை மறுபடி தொடுவதில்லை.

மூன்று சக்கரம் முடிந்தது. இடது பின்சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தபோது மைத்துனருக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தேன். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ எறங்கி மூஞ்சி கழுவு. நீ நின்னுக்கிட்டே தூங்குற ஆளு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, "வண்டிய நீங்க பாத்துக்குங்க மாமா, தூக்கத்த நான் பாத்துக்கறேன்" என்றார். பேச்சுவாக்கில், காரை இறக்கும் முன்பே குறியைப் போட்டுவிட்டேன். அதன் பிறகு இறக்கினேன். குறி இருந்ததால் ஸ்பானரைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டேன்.

பயணத்தின் இரண்டாம் நாள் பகல் பதினொரு மணிக்கு கார் சாலைத் தடுப்பில் மோதியது. முதலாளிக்குத் தோளும் மைத்துனருக்குத் தொடையும் முறிந்தன. மோதியதில்தான் சக்கரம் கழன்றது என்று எல்லோரும் நினைத்தோம். மருத்துவமனையில் மைத்துனர், "தூங்கல மாமா, வண்டிதான் ஒரு பக்கமா இழுத்துச்சு" என்றார். நான் நம்பவில்லை. அவர் தூங்குமூஞ்சி, கண் அசந்திருப்பார் என்று அன்றே ஆய்வாளரிடம் சொன்னேன். அதை வைத்தே அவர் மீது வழக்குப் பதிவானது.

நேற்று நிலைய வளாகத்தில் காரைப் பார்த்தேன். தனியாகக் கிடந்த சக்கரத்தில் என் குறி மங்கலாகத் தெரிந்தது. காரில் அது இருந்த இடத்தில் ஐந்து போல்ட்டும் உடையாமல் நின்றன. நட்டு ஒன்றுகூட இல்லை. மோதியதில் சக்கரம் பிய்ந்திருந்தால் போல்ட் உடைந்திருக்கும்; மோதுவதற்கு முன்பே நட்டுகள் கழன்றுவிட்டன என்று விளங்கியது. தவறு என்னுடையது. வீட்டில் சொன்னபோது மனைவி, "அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இன்னும் சொல்லவில்லை. அவர் முகத்தில் விழிக்கத் தைரியம் வராமல்தான் முதலில் இங்கே வந்தேன்.

இதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். முந்தைய வாக்குமூலத்தில் உள்ள தூங்குமூஞ்சி என்ற சொல்லை அடித்துவிடும்படி கேட்டேன். பதிவானதை அடிக்க முடியாது என்றார். ஆகவே கோப்பில் இதை அதன் மேலே வைத்துக் கட்டும்படி கேட்டுக்கொண்டு, சொன்னது அத்தனையும் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)